தைப் பொங்கலுக்குச் சித்திரையிலேயே ஆர்டர் போடுங்க!

பண்டிகை நேரத்தில் பாடம் நடத்தினால் யாருக்குத்தான் பிடிக்கும்? அதனால் இந்த மாதம் பூச்சிவிரட்டிக்கும் அமுதக்கரைசலுக்கும் லீவு விட்டுவிடலாம். பொங்கல் பானையை வைத்தே ஒரு பாடம் படிப்போம். பாடத்தின் பெயர்தான் கொஞ்சம் பெரிசு: சப்ளை செயின் பிளானிங். தமிழில் விநியோகச் சங்கிலித் திட்டமிடல். சங்கிலி என்றதும் அடகுக்கடை ஞாபகம் வந்தால் அதற்கு நாங்கள் பொறுப்பில்லை! இது விதை போடுகிறவரில் தொடங்கிச் சாப்பிடுகிறவரில் முடிகிற சங்கிலி.

பெரிய கம்பெனிகள் இதற்கென்று தனி ஆபீஸ், தனி மென்பொருள், கோட்டு சூட்டுப் போட்ட ஆட்கள் எல்லாம் வைத்திருக்கின்றன. அவர்கள் உட்கார்ந்து யோசிப்பது நாலே கேள்விதான். எது வேண்டும்? எவ்வளவு வேண்டும்? எப்போது வேண்டும்? எங்கே வேண்டும்? மாசி, பங்குனியில் வருசத்துப் புளியை வாங்கிக் கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைத்து வைத்த நம் பாட்டிகளும் இதே நாலு கேள்விக்குத்தான் பதில் கண்டுபிடித்தார்கள். என்ன, அவர்களுக்குச் சம்பளம் கிடையாது.

பானையிலிருந்து பின்னாடி எண்ணுங்க

திட்டமிடலின் முதல் விதி, முடிவிலிருந்து தொடங்குவது. தை ஒன்றாம் தேதி காலையில் பானை பொங்க வேண்டும். அந்த நாளை வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்.

செங்கரும்பு: ஒன்பது, பத்து மாதப் பயிர். பங்குனி, சித்திரையில் கரணை மண்ணுக்குள் போயாக வேண்டும்.

மஞ்சள் கொத்து: ஏழெட்டு மாதம். வைகாசி, ஆனியில் நடவு.

புதுப் பச்சரிசி: ஐந்து மாதச் சம்பா என்றால் ஆடியில் விதைத்தாக வேண்டும். அறுத்து, காயவைத்து, அரைத்து எடுக்கிற நாட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மொச்சை: நாட்டு மொச்சையும் ஆடிதான். பகல் குறுகினால்தான் பூக்கிற ரகங்கள் அவை. அவசரத்துக்கு ஐப்பசியில் போட்டுவிட்டு, 'கொஞ்சம் சீக்கிரம் காய்ச்சுடு சாமி' என்று கெஞ்சினாலும் நடக்காது.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு: நாலு மாதம். ஆவணிக் கடைசியில் கொடி நடவு.

பாசிப்பயறு: 65, 70 நாள். ஐப்பசியில் போட்டாலும் போதும். இருக்கிறதிலேயே நல்ல பிள்ளை இதுதான்.

முந்திரி: மரம் பூக்கிறதே மார்கழி, தை சமயத்தில். பொங்கலில் போடுகிற முந்திரி போன கோடையில் பறித்தது. அதாவது கையிருப்புச் சரக்கு.

மண்பானை: பானை காய வெயில் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. குயவர் அதற்கு முன்பே கணிசமாகச் செய்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பால் மட்டும் அன்றைக்குக் கறந்து அன்றைக்கே ஊற்றுவதுதானே என்கிறீர்களா? மாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். மார்கழியில் கன்று போட்டுத் தையில் மடி நிறையப் பால் வேண்டுமென்றால், மாடு பங்குனியிலேயே திட்டமிடலைத் தொடங்கியிருக்க வேண்டும்!

ஆக, ஒரு நாள் பண்டிகைக்குப் பின்னால் கிட்டத்தட்ட ஒரு வருச வேலை இருக்கிறது. 'இப்போது முடிவெடுத்தால் கைக்கு வந்துசேர எத்தனை நாள்?' என்ற இந்தக் கணக்கைத்தான் கம்பெனிக்காரர்கள் லீட் டைம் என்கிறார்கள். நாம் முன்காலம் என்று வைத்துக்கொள்வோம். சைக்கிள் தொழிற்சாலையில் முன்காலத்தைக் குறைக்கலாம், இன்னும் இரண்டு மெஷின் வாங்கிப் போட்டால் போதும். கரும்புக்கு எந்த மெஷினும் கிடையாது. பயிரின் முன்காலத்தை நம்மால் குறைக்க முடியாது. சேதி நம்மிடம் வந்து சேருகிற காலத்தைக் குறைக்கலாம். இந்தப் பாடத்தின் சாரமே அவ்வளவுதான்.

கரும்புக்கு ஒன்பது மாசம், சேதிக்கு மூணு வாரம்

சேதி தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. ரேஷன் கடைப் பொங்கல் தொகுப்பையே பாருங்கள். தமிழ்நாட்டில் அரிசி வாங்கும் குடும்ப அட்டைகள் 2 கோடிக்கு மேல். செங்கரும்பை இவ்வளவு பெரிய அளவில் வாங்குகிற ஆள் வேறு யாரும் இல்லை.

2020 பொங்கலுக்கு ஓர் அட்டைக்கு இரண்டு அடிக் கரும்புத் துண்டு. 2021இல் முழுக் கரும்பு. 'துண்டு', 'முழு' என்று ஒரே ஒரு சொல்தான் மாறியது. கணக்கைப் போடுங்கள். ஆறடிக் கரும்பை மூன்றாக நறுக்கினால் 2 கோடி அட்டைக்கு ஏறத்தாழ 67 லட்சம் கரும்பு போதும். முழுசாகக் கொடுத்தால் 2 கோடிக் கரும்பு வேண்டும். ஒரு சொல்லில் தேவை மூன்று மடங்கு! அந்தச் சொல் தெரியவந்ததோ கரும்பு ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நின்ற மாதங்களில்.

2023 பொங்கல் இன்னும் வேடிக்கை. 2022 டிசம்பரில் வந்த முதல் அறிவிப்பில் பச்சரிசி ஒரு கிலோ, சர்க்கரை ஒரு கிலோ, ஆயிரம் ரூபாய். கரும்பைக் காணோம். முந்தைய வருசங்களை நம்பிப் பயிர் வைத்திருந்த விவசாயிகள் பல இடங்களில் போராட்டத்தில் இறங்கினார்கள். டிசம்பர் 28ஆம் தேதி, முழுக் கரும்பும் உண்டு என்று அறிவிப்பு வந்தது. பொங்கலுக்கு மூன்று வாரம்கூட இல்லை. நல்ல முடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் இடைப்பட்ட அந்த நாட்களில் 'அரசு வாங்காது போலிருக்கு, வந்த விலைக்குத் தள்ளிவிடு' என்று பயந்து விலை பேசி முடித்தவருக்கு அந்த அறிவிப்பால் என்ன பயன்?

செங்கரும்பு ஆலைக்குப் போகிற கரும்பில்லை. வெட்டினால் சில நாளில் சாறு வற்றும். தை மூன்று கழிந்தால் சீந்த ஆளில்லை. இப்படிப்பட்ட பயிருக்குச் சேதி கடைசியாக வருவது, கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் பத்திரிகை கையில் கிடைப்பது போல.

சாட்டையின் நுனி

அரசு மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். சேதி சரியாகப் போகாத எந்தச் சங்கிலியும் இப்படித்தான் ஆடும். 1990களில் அமெரிக்காவின் புரோக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனி ஒரு விநோதத்தைக் கவனித்தது. அவர்கள் தயாரிப்பில் ஒன்று குழந்தைகளுக்கான பேம்பர்ஸ். குழந்தைகள் எல்லா நாளும் ஒரே மாதிரிதான் நனைக்கும். தீபாவளி, பொங்கல் என்று எந்தக் குழந்தையும் கூடுதலாக நனைப்பதில்லை. அதனால் கடை விற்பனையில் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. ஆனால் மொத்த வியாபாரிகளிடமிருந்து வந்த ஆர்டரோ தாறுமாறாக ஏறி இறங்கியது. கம்பெனி தன் மூலப்பொருளுக்குப் போட்ட ஆர்டர் அதைவிட மோசம்.

இதற்கு அந்தக் கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் சாட்டை விளைவு. மாட்டுப் பொங்கல் அன்று சாட்டையை எடுத்துச் சும்மா வீசிப் பாருங்கள், மாட்டின் மேல் வேண்டாம். மணிக்கட்டு லேசாக அசையும், நுனி 'பளார்' என்று வெடிக்கும். சாப்பிடுகிறவர் மணிக்கட்டு. கடைக்காரர், மொத்த வியாபாரி, தரகர் எல்லாம் நடுவில். நுனியில் இருப்பது யார் என்று சொல்லவா வேண்டும்?

இதில் யாரும் கெட்டவர் இல்லை என்பதுதான் விசயம். கடைக்காரர் பத்துக் கட்டு கூடுதலாக விற்றால், 'எதுக்கும் இருக்கட்டும்' என்று பதினைந்து கட்டு கூடுதலாகக் கேட்பார். மொத்த வியாபாரி அதைப் பார்த்துவிட்டு இருபத்தைந்து கேட்பார். சேதி ஊருக்கு வரும்போது, 'இந்த வருசம் கரும்புக்குச் செம கிராக்கியாம்!' அடுத்த சித்திரையில் ஊரே கரும்பு போடும். அடுத்த தையில் விலை விழும். அதற்கடுத்த சித்திரையில் யாரும் போடமாட்டார்கள், விலை ஏறும். தக்காளியில் நாம் படுகிற பாடும் பெரும்பாலும் இதே கதைதான்.

காணும் பொங்கலுக்கு ஒரு விளையாட்டு

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் ஜே ஃபாரஸ்டர் என்ற பேராசிரியர் குழுவினர் 1960 வாக்கில் இதற்கென்றே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் பீரை வைத்து விளையாடினார்கள். நாம் அச்சு வெல்லத்தை வைத்து விளையாடலாம். வெல்லத்துக்குப் பதில் புளியங்கொட்டை, இரண்டு படி இருந்தால் போதும். ஒரு கொட்டை, ஒரு சிப்பம் வெல்லம்.

நாலு பேர் வரிசையாக உட்காருங்கள்: கடைக்காரர், மொத்த வியாபாரி, மண்டிக்காரர், வெல்லம் காய்ச்சும் விவசாயி. ஆளுக்கு 12 கொட்டை கையிருப்பு. ஒவ்வொருவருக்கும் பின்னால் இரண்டு தட்டு, தட்டுக்கு 4 கொட்டை. அது வழியில் வந்துகொண்டிருக்கிற சரக்கு. போன வாரம் கேட்டது என்று 4 எழுதிய சீட்டு ஒன்றையும் கடைக்காரர் தவிர மற்ற மூவர் கையிலும் கொடுத்துவிடுங்கள். விவசாயிக்குப் பின்னால் மீதிக் கொட்டைக் குவியல். ஐந்தாவது ஆள் ஒருவர் சாப்பிடுகிறவராக இருந்து, வாரத்துக்கு எத்தனை வேண்டும் என்று கடைக்காரர் காதில் மட்டும் சொல்லுவார். மற்றவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. மாமன் மச்சானாக இருந்தாலும் கூடாது.

ஒவ்வொரு வாரமும் இப்படி: முன்தட்டுச் சரக்கைக் கையிருப்பில் சேருங்கள், பின்தட்டை முன்னுக்கு நகர்த்துங்கள். முன்னால் இருப்பவர் போன வாரம் கொடுத்த சீட்டைப் பிரித்து, கேட்டதை அவருடைய காலித் தட்டில் வையுங்கள். இல்லையென்றால் பாக்கி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, உங்களுக்கு எத்தனை வேண்டும் என்று சீட்டில் எழுதிப் பின்னால் கொடுங்கள். விவசாயி மட்டும் தனக்கு வேண்டியதைக் குவியலிலிருந்து எடுத்துத் தன் பின்தட்டில் வைத்துக்கொள்வார். வார முடிவில் கையில் தங்கிய கொட்டைக்கு அரை ரூபாய், பாக்கிக் கொட்டைக்கு ஒரு ரூபாய் செலவு எழுதுங்கள்.

சாப்பிடுகிறவரிடம் மட்டும் ஒரு ரகசியம் சொல்லிவையுங்கள். முதல் நாலு வாரம் 4 கேட்கணும். ஐந்தாம் வாரத்திலிருந்து கடைசிவரை 8 கேட்கணும். அவ்வளவுதான். வேறு எந்த மாற்றமும் கிடையாது.

இருபது வாரம் ஆடிப் பாருங்கள். நடுவில் எல்லோருக்கும் சரக்குத் தட்டுப்பாடு, கடைக்காரர் முகம் சிவக்கும், மண்டிக்காரர் சீட்டில் முப்பது, நாற்பது என்று எழுதித் தள்ளுவார். அப்புறம் ஒரு நாள் எல்லாச் சரக்கும் ஒரே நேரத்தில் வந்து இறங்கும். விவசாயி மடியில் கொட்டை குவியும், சீட்டில் சைபர் வரும். ஆட்டம் முடிந்ததும், 'சாப்பிடுறவர் எத்தனை கேட்டார்னு நினைக்கிறீங்க?' என்று விவசாயியிடம் கேளுங்கள். 'ஏறி ஏறி இறங்கியிருக்கும்' என்பார். உண்மையில் அது ஒரே ஒரு தடவைதான் மாறியது.

இப்போது இரண்டாவது ஆட்டம். எல்லாம் அதே விதி. ஒரே வித்தியாசம், சாப்பிடுகிறவர் கேட்பதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், நாலு பேரும் கேட்க வேண்டும். ஆட்டம் முழுசாக நிற்காது. ஆனால் வெகுவாக அடங்கும். மென்பொருள் வாங்கவில்லை, லாரி வாங்கவில்லை. சேதி எல்லோர் காதிலும் விழுந்தது, அவ்வளவுதான்.

மிச்சம் யார் தலையில்?

சேதி தெரிந்தாலும் ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. வியாபாரியிடம் ஆவணியில் போய், "அண்ணே, பொங்கலுக்கு எத்தனை கட்டு வேணும்?" என்று கேட்டுப் பாருங்கள். "பார்த்துச் சொல்றேன் தம்பி" என்பார். கார்த்திகையிலும் அதே பதில். அவருக்குத் தெரியாமல் இல்லை. அவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. படிப்பாளிகள் இதை நாளிதழ் விற்பவர் கணக்கு என்பார்கள். நேற்றைய பேப்பரை இன்றைக்கு யாரும் வாங்கமாட்டார்கள் அல்லவா? தை நாலாம் தேதிக் கரும்பும் அதே கதைதான்.

பேச்சுக்கு ஒரு கணக்கு. கடைக்காரர் ஒரு கரும்பை 20 ரூபாய்க்கு வாங்கி 30க்கு விற்கிறார். விற்றால் லாபம் 10. மீந்தால் நட்டம் 20. லாபத்தை, லாபமும் நட்டமும் சேர்ந்த தொகையால் வகுங்கள். 10 வகுத்தல் 30, மூன்றில் ஒரு பங்கு. இதன் அர்த்தம் என்ன? மூன்று வருசத்தில் இரண்டு வருசம் சரக்குப் பற்றாமல் போனாலும் பரவாயில்லை, மீதி மட்டும் ஆகக் கூடாது என்கிற அளவுக்குத்தான் அவர் வாங்குவார். குறைத்து வாங்குவதும் கடைசி நிமிசம்வரை இழுப்பதும் அவருக்குப் புத்திசாலித்தனம். அவர் வாங்காமல் விட்டது எங்கே நிற்கும்? நம் வயலில்.

மீந்துபோனதில் பாதி நட்டத்தை நாம் ஏற்கிறோம் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டால்? அவர் நட்டம் 10 ஆகிறது. 10 வகுத்தல் 20, சரிபாதி. இப்போது அவர் கூடுதலாக வாங்குவார், முன்கூட்டியே சொல்லவும் தயங்கமாட்டார். நாமே நேராக விற்றால்? 12 ரூபாய் அடக்கம், 30க்கு விற்பனை என்று வைத்துக்கொண்டால் லாபம் 18, நட்டம் 12. பத்து வருசத்தில் ஆறு வருசம் வந்தவர் எல்லோருக்கும் கிடைக்கிற அளவு வைத்துக்கொள்ளலாம்.

அதே கரும்பு, அதே ஊர், அதே பண்டிகை. மீதி யார் தலையில் விழுகிறது என்பது மாறினால் ஆர்டரே மாறுகிறது.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் ஜப்பானின் இயற்கை விவசாயிகள். அங்கே 1971இல் தொடங்கிய இயற்கை வேளாண்மைச் சங்கம் 'தெய்கெய்' என்ற முறையை வளர்த்தெடுத்தது. தெய்கெய் என்றால் கைகோத்தல் என்று சொல்லலாம். 1978இல் அதற்குப் பத்துக் கோட்பாடுகள் வகுத்தார்கள். என்ன விளைவிப்பது, எவ்வளவு விளைவிப்பது என்று விளைவிப்பவரும் சாப்பிடுபவரும் முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும். அப்படி விளைந்ததைச் சாப்பிடுபவர் முழுவதும் ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்த இரண்டும் அந்தப் பத்தில் உண்டு. செல்போன் இல்லாத காலத்திலேயே செய்து காட்டினார்கள்.

அப்போ நவீனமாக்குவது என்றால்?

இப்போதெல்லாம் 'ஆப் போடுங்க, ஏ.ஐ. போடுங்க, எல்லாம் சரியாயிடும்' என்று சொல்ல ஆள் வருகிறார்கள். கருவிகள் நல்லவைதான். ஆனால் நேற்று விற்றதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் நாளைக்கு விற்பதைச் சொல்லும். தொகுப்பில் கரும்பு உண்டா இல்லையா என்பது அதற்கு மட்டும் எப்படித் தெரியும்? கேட்டால் தெரிகிற விசயத்தை ஏன் ஊகிக்க வேண்டும்? கேட்க முடிந்ததைக் கேளுங்கள். கேட்க முடியாததை மட்டும் கணியுங்கள்.

மழையை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. 2023 டிசம்பர் 17, 18இல் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் கொட்டிய மழை ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல். பொங்கலுக்கு நாலு வாரம் இருந்தபோது. இதற்குத்தான் ஒரே ஊரில், ஒரே வாய்க்காலில் எல்லாவற்றையும் வைக்காதே என்பது. நம் முன்னோர் பள்ளத்தில் கொஞ்சம் மேட்டில் கொஞ்சம் என்று விதைத்ததும், குதிரில் அடுத்த வருசத்துக்கு நெல் மிச்சம் வைத்ததும் இதே பாடம்தான்.

வருகிற தைக்கு என்ன செய்யலாம்?

ஒன்று: தை முடிவதற்குள் இந்த வருசக் கணக்கை எழுதுங்கள். எவ்வளவு விளைந்தது, எவ்வளவு விற்றது, எவ்வளவு மீந்தது, எத்தனை பேருக்கு இல்லை என்று சொன்னோம். கடைசிக் கேள்வியை யாரும் எழுதுவதில்லை. முக்கியமானது அதுதான்.

இரண்டு: பங்குனிக்குள் முன்பதிவு. உங்கள் குழுவிடம் அரிசி வாங்கும் குடும்பங்கள், இயற்கை அங்காடிகள், பள்ளிகள் எல்லோரிடமும் 'அடுத்த பொங்கலுக்கு எத்தனை கரும்பு, எத்தனை மஞ்சள் கொத்து, எவ்வளவு வெல்லம்?' என்று கேளுங்கள். சிறு தொகையாவது முன்பணம் வாங்குங்கள். பணம் கொடுத்தவர் மறக்கமாட்டார்.

மூன்று: வந்த எண்ணிக்கையைக் குழுவில் பிரித்துக்கொள்ளுங்கள். குறைந்தது மூன்று பேர், மூன்று இடம். சேதாரத்துக்குக் கொஞ்சம் சேர்த்து நடுங்கள். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

நான்கு: போனில் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரே ஒரு பட்டியல். பதிவானது, பயிரில் நிற்பது, மீதித் தேவை என்று மூன்றே மூன்று கட்டம். ஆளுக்கொரு நோட்டு வேண்டாம். போன் பார்க்கத் தெரியாதவருக்காகப் பால் சொசைட்டிச் சுவரில் கரும்பலகை. அதுவும் நவீனம்தான்.

ஐந்து: ஆடியிலும் ஐப்பசியிலும் ஒருமுறை சரிபாருங்கள். குறைகிறதா, கூடுகிறதா? வாங்குபவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மீந்தால் யாருக்கு எவ்வளவு நட்டம் என்பதையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறு: இது எல்லோரும் சேர்ந்து அரசிடம் கேட்க வேண்டியது. பொங்கல் தொகுப்பில் கரும்பு உண்டா, எத்தனை அடி, எத்தனை அட்டைக்கு, வயலில் என்ன விலை? இந்த நாலையும் மார்கழியில் அறிவிக்காமல் பங்குனியில் அறிவிக்க வேண்டும். கூடுதல் பைசா செலவில்லை. அறிவிக்கிற மாதம்தான் மாறுகிறது. பங்குனி கிராமசபை, விவசாயிகள் குறைதீர் கூட்டம் எதையும் விடாமல் மனுக் கொடுங்கள்.

சரி, பாடம் முடிந்தது. புளியங்கொட்டையை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போகலாம். ஆட்டத்தில் விவசாயி வேசத்தை மட்டும் இந்தத் தடவை ஊரில் இருக்கிற வியாபாரி அண்ணனிடம் கொடுங்கள். நுனியில் உட்கார்ந்து பார்க்கட்டும்!